ஆறாம் ஆள் கமலேஸ்வரி

கமலேஸ்வரி கேள்வி கேட்காமல் இருந்த ஒரே இடம் பல்லு டொக்டரின் கதிரை. அங்கேயும் வாய்தான் சும்மா இருந்தது. "அந்த ஊசி ஏன் வளைஞ்சிருக்கு?" என்று கண் கேட்டுக்கொண்டே இருந்தது.

கல்யாணம் முடித்து டென்மார்க் போனபோது அவள் முதலில் பாடமாக்கிய டேனிஷ் சொல் 'வோஃபோ'. 'ஏன்' என்று அர்த்தம். மீன் பெட்டியடைக்கும் ஃபாக்டரியில் பக்கத்தில் நின்றவளிடம் தொடங்கி மனேஜர் வரைக்கும் வோஃபோ, வோஃபோ என்று கேட்டே அந்த மொழியைப் பிடித்துவிட்டாள். பிறகு பிள்ளைகளின் படிப்புக்கென்று குடும்பம் லண்டனுக்கு மாறியது. கிங்ஸ்பரியில் வீடு. பக்கத்து ஆரம்பப் பள்ளிக்கூடத்தில் மத்தியானச் சாப்பாட்டு நேரம் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை. "நாலு வயசுக்காரர் 'வை மிஸ், வை மிஸ்' எண்டு உயிரை எடுப்பினம்" என்று பழைய மிஸ்மார் பயங்காட்டினார்கள். ஒரு கிழமைக்குள் பிள்ளைகள்தான் அவளைக் கண்டு ஓடத் தொடங்கினார்கள். பட்டாணியை ஏன் ஒதுக்குகிறாய், ஒதுக்கியதை ஏன் வரிசையாக வைக்கிறாய் என்று கேட்டால் பாவம், அதுகள் என்ன சொல்லும்?

கணவர் கணேசலிங்கம் வீடுகளில் வெந்நீர்ப் பொயிலர் பூட்டிக் கொடுக்கிறவர். அவரிடம் எல்லாக் கேள்விக்கும் ஒரே பதில், மூக்கால் வரும்: "உமக்கு உது தெரிஞ்சு என்னப்பா செய்யப்போறீர்?"

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஆள் குறைந்த இடத்துக்கெல்லாம் கமலேஸ்வரியைத்தான் கூப்பிடுவார்கள். ஹைகேற் முருகன் கோயிலில் அன்னதானத்துக்கு மரக்கறி வெட்ட ஒருவர் வராவிட்டால் போன் அவளுக்கு. பள்ளிக்கூட ரிசெப்ஷனில் இருப்பவள் லீவெடுத்தால் அந்தக் கதிரையில் இவள். யாருடைய பிறந்தநாள் படத்திலாவது ஒரு பக்கம் வெறிச்சென்று கிடந்தால், "கமலேஸ், இதில ஒருக்கா நில்லும்." போவாள், நிற்பாள், உரிய ஆள் வந்ததும் விலகிக் கொடுப்பாள். கோபமெல்லாம் இல்லை. ஆனால் எந்த இடத்திலும் முழுசாக நின்று பார்த்ததில்லை என்பது அவளுக்கே தெரியும்.

வகுப்பு உதவி ரீச்சராக வரலாம் என்று அவள் வெல்ஷ் ஹார்ப் கல்லூரியில் சேர்ந்தாள். மாலை வகுப்பு. ஒக்டோபரில் ஒருநாள் வகுப்பு முடிந்தும் கூட்டிப்போக வரவேண்டிய கணேசலிங்கத்தின் வான் வண்டியைக் காணவில்லை. வெளியே மழை. விளையாட்டு மண்டபத்தில் வெளிச்சமும் ஹீற்றரும் இருந்தன. கதவடியில் போய் நின்றாள். உள்ளே ஐந்து பெட்டைகள் கூடைப்பந்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். ஒரு ஓரத்தில் வாயில் விசிலோடு கோச்.

"தம்பி, ஏன் அந்தப் பிள்ளை கையைச் சுத்திக் காட்டுறா?"

கோச் திரும்பினான். பெயர் பவித்திரன். மலேசியாவின் கிள்ளானிலிருந்து படிக்க வந்து, சிட்டியில் ஒரு இன்சூரன்ஸ் கம்பெனியில் வேலையாகித் தங்கிவிட்டவன். டை கட்டிய கழுத்தோடு நேரே வேலையிலிருந்து வந்து கோச் வேலை பார்ப்பவன். பேச்சின் வாலில் 'லா' போடும் மலேசியப் பழக்கம் மட்டும் அவனை விடவில்லை. "அதுவா அக்கா, நடந்துட்டான்னு அர்த்தம். பந்தைத் தட்டாம நடக்கக்கூடாது லா."

"தட்டினால் நடக்கலாமோ? அதென்ன ஞாயம்?"

பவித்திரன் அவளைக் காலிலிருந்து தலைவரை பார்த்தான். கழுத்தில் தொங்கிய மாணவர் அட்டையில் பார்வை நின்றது. மேற்கு லண்டன் கல்லூரி அணிகள் மோதும் கான்ஃபரன்ஸ் லீக்கில் ஒரு விதி: அணிக்குக் குறைந்தது ஆறு பெயர் கொடுத்தால்தான் சீசன் முடிவில் நடக்கும் சாம்பியன்ஷிப்பில் இறங்கலாம். அவனிடம் இருந்தது ஐந்து.

"அக்கா, நீங்க நம்ம டீம்ல சேருறீங்களா? சும்மா பேருக்குத்தான். ஆட வேண்டாம்."

"பேருக்கெண்டால் என்ன செய்யவேணும்?"

"ஒண்ணும் வேண்டாம் லா. ஜெர்சி போட்டு ஒக்காரணும்."

நாற்பத்துமூன்று வயதில் கமலேஸ்வரிக்கு நீல நிற ஜெர்சி வந்தது. முழங்கால்வரை மூடும் கறுப்பு ரைற்ஸின் மேல் அதைப் போட்டுக்கொண்டு பெஞ்சில் இருந்தாள். இருந்த இடத்திலிருந்தே எல்லோரையும் கேட்டாள். ஸ்கோர் போடும் மேசைக்காரரை, தண்ணீர் குடிக்க வரும் எதிரணிப் பிள்ளைகளை, பாதி நேரத்தில் ரெஃப்ரியை. ஒரு ஸ்கொட்லாந்துக்கார ரெஃப்ரி விசிலைக் கையில் வைத்துக்கொண்டு முழு இடைவேளையும் அவளுக்குப் பதில் சொல்லி, இரண்டாம் பாதிக்குக் கடைசி ஆளாகக் கோர்ட்டுக்குள் ஓடினார்.

அவளிடம் மட்டும் யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

கப்டன் சாருஜா கிங்ஸ்பரியில் பிறந்து வளர்ந்தவள். இருபது வயசு. தகப்பன் யாழ்ப்பாணம், இவள் வாயில் கோபம் வந்தால் மட்டும் தமிழ் வரும். "அன்ரி, யூ ஆர் அவர் லக்கி சார்ம்" என்பாள். அந்த லக்கி சார்மால் ஒரு அதிர்ஷ்டமும் வரவில்லை. சீசன் முழுக்க ஒரே ஒரு ஆட்டம் வென்றார்கள். அதுவும் எதிரணியின் மினிபஸ் நோர்த் சர்க்குலர் றோட்டில் புகைவிட்டு நின்றுவிட்டதால். எட்டு அணிகளில் எட்டாம் இடம்.

"தம்பி, நான் ஒருக்கா இறங்கிப் பாக்கேலாதோ? உள்ளுக்க நிண்டால் என்ன மாதிரி இருக்கும் எண்டு பாக்க ஆசையா இருக்கு."

"கண்டிப்பா அக்கா. நம்ம இருபது பாயிண்ட் முன்னாடி இருக்கும்போது."

மார்ச் வந்தது. இருபது பாயிண்ட் வரவில்லை.

ஆனாலும் சாம்பியன்ஷிப்புக்கு அவர்களும் போனார்கள். அதுதான் கமலேஸ்வரிக்கு விளங்கவேயில்லை. சவுத்தாலில் மண்டபம். எட்டு அணியும் வரும். முதலாம் இடம் எட்டாம் இடத்தோடு மோதும். சனிக்கிழமை தோற்றவர்கள் வீட்டுக்கு, வென்றவர்கள் ஞாயிறு திரும்பி வரவேண்டும். மூன்று ஆட்டத்தை அடுத்தடுத்து வென்றால் கப்.

"எல்லாத்திலயும் தோத்த எங்களையும் ஏன் கூப்பிடுகினம்?"

"அதான் லா இதோட ருசி. எல்லாருக்கும் மறுபடி பூச்சியத்துலருந்து."

"அப்ப ஒக்டோபரில இருந்து விளையாடினது?"

"யாரு யாரோட மோதணும்னு முடிவு பண்ண."

"அதுக்குச் சீட்டுக் குலுக்கியிருக்கலாமே தம்பி? மழையுக்க அலைஞ்சிருக்கத் தேவையில்லையெல்லோ?"

பவித்திரன் அன்று இரவு மனைவியிடம் அதையே கேட்டானாம், அவளுக்கும் பதில் தெரியவில்லையாம்.

சனிக்கிழமை காலை கணேசலிங்கம் அவளைச் சவுத்தாலில் இறக்கிவிட்டார். வானின் பின்பக்கம் முழுக்கச் செப்புக் குழாய். அவளுடைய புதுச் சப்பாத்தைப் பார்த்தார்.

"பெஞ்சில இருக்கிறதுக்குச் சப்பாத்து எதுக்கப்பா? செருப்போட போனாக் காணாதோ?"

"ஒருவேளை இறக்கிவிட்டால்?"

"ஓமோம், இறக்குவினம். தோத்த உடன போன் எடும், ஹேய்ஸில ஒரு பொயிலரைப் பாத்திட்டு வாறன்."

நாகரிகமாகவே சொன்னார். 'தோத்தால்' என்றுகூடச் சொல்லவில்லை. 'தோத்த உடன'. அவரைக் குறை சொல்லவும் முடியாது. எல்லோருக்கும் அந்தக் கணக்குத்தான். அணியிலேயே உயரமானவளான டெமி ஞாயிற்றுக்கிழமை சூப்பர்மார்க்கெட்டில் ஷிப்ட் எடுத்திருந்தாள். சாருஜா மச்சாளின் பிறந்தநாளுக்கு ஓம் சொல்லியிருந்தாள். பவித்திரன் ஞாயிற்றுக்கிழமை ஐக்கியாக் கடைக்குப் போவதாக மனைவிக்கு வாக்குக் கொடுத்திருந்தான்.

கமலேஸ்வரியின் யோசனை வேறு. இன்றைக்குத் தோற்றால் சீசன் முடிந்தது. அடுத்த ஒக்டோபரில் அவள் படிப்பும் முடிந்திருக்கும். உள்ளே நின்றால் எப்படி இருக்கும் என்பதைத் தெரிந்துகொள்ள இந்த ஒரு நாள்தான் மிச்சம்.

முதலாம் இடத்திலிருந்த நோர்த்ஹில் கல்லூரி அணி தூக்கக் கலக்கத்தோடு வந்தது. எட்டாம் இடத்தை அடிக்க யார் சரியாக உடம்பைச் சூடேற்றுவார்கள்? அவர்களின் கெட்டிக்காரி ஹானா முதல் பாதியில் ஹெட்போனோடு பெஞ்சில் இருந்தாள். அந்த நேரம் பார்த்து டெமிக்குக் கைவந்துவிட்டது. எறிந்ததெல்லாம் விழுந்தது. ஹானா ஹெட்போனைக் கழற்றிவிட்டு இறங்கியபோது ஆட்டம் கடைசிக் கால்பகுதிக்கு வந்திருந்தது. வெல்ஷ் ஹார்ப் இரண்டு புள்ளி முன்னால்.

அப்போது விசில் அடித்தது. டெமியின் ஐந்தாவது ஃபவுல். ஐந்து ஃபவுல் செய்தவர் அன்றைக்குத் திரும்ப இறங்க முடியாது. டெமி தலையில் கைவைத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

பவித்திரன் பெஞ்சைப் பார்த்தான். பெஞ்சில் இருந்தது ஒரே ஒரு ஆள். அவள் ஏற்கெனவே எழுந்து நின்றாள்.

"அலாமாக்" என்றான் பவித்திரன். மலாய்க்காரர்கள் தலையில் இடி விழும்போது சொல்லும் சொல். பிறகு, "அக்கா, ஹானாகிட்ட யாரும் இல்ல. நீங்க அவள மறிங்க, போதும். பந்து பக்கம் போகாதீங்க."

கோடு தாண்டி உள்ளே கால் வைத்தாள் கமலேஸ்வரி. பெஞ்சிலிருந்து பார்த்ததைவிட மண்டபம் பெரிசாக இருந்தது. சத்தம் கூடவாக இருந்தது. சப்பாத்துகள் கீச்சிட்டன, யாரோ "ஸ்விட்ச், ஸ்விட்ச்!" என்றார்கள். எதை மாற்றச் சொல்கிறார்கள் என்று கேட்க ஆசைப்பட்டாள். ஹானா பந்தோடு வந்தாள். கமலேஸ்வரி ஓடிப்போய் முன்னால் நின்றாள். பிறகு அழகாக, அளந்து வைத்தாற்போல் பின்னால் போய், இரண்டு கையையும் உயரத் தூக்கிக்கொண்டு நுனிக்காலில் நின்றாள்.

ஹானாவுக்கு விளங்கவில்லை. இதென்ன புதுத் தந்திரம் என்று ஒரு நொடி யோசித்தாள். பிறகு நிதானமாக எறிந்தாள். விழுந்தது.

அடுத்த தடவையும் அதே. பின்னால் போனாள், கையைத் தூக்கினாள், விழுந்தது. மூன்றாம் தடவை ஹானா சிரித்துவிட்டாள். நோர்த்ஹில் பெஞ்ச் முழுக்கச் சிரித்தது. இரண்டு புள்ளி முன்னால் நின்றவர்கள் நாலு புள்ளி பின்னால்.

பவித்திரன் டைம்-அவுட் கேட்டான். சாருஜா வந்த வேகத்தில் தமிழ் வந்துவிட்டது.

"அன்ரி! என்ன செய்யிறீங்கள்? அவளுக்கு றோட்டுப் போட்டுக் குடுக்கிறீங்கள்! ஏன் பின்னால போறீங்கள்?"

"மூண்டடி விடவேணுமெல்லோ?"

"எந்த மூண்டடி?"

பதிலுக்குக் காத்திராமல் சாருஜா குரலைத் தாழ்த்தினாள். "அன்ரி, ப்ளீஸ். கால் சுளுக்கிப்போட்டுதெண்டு சொல்லுங்கோ. ஆள் இல்லாட்டி நாலு பேரோட விளையாடலாம், ரூல் இருக்கு. நாங்கள் நாலு பேர் சமாளிக்கிறம்."

கமலேஸ்வரி பவித்திரனைப் பார்த்தாள். அவன் சனிக்கிழமையும் கட்டி வந்த டையைக் கழற்றி மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தான். வேண்டாம் என்று சொல்லவில்லை.

"உண்மையாவே நான் நிக்கிறதைவிட நாலு பேர் நல்லமோ?"

அவள் குத்தலாகக் கேட்கவில்லை. அறிய வேண்டுமென்றே கேட்டாள். டெமி தண்ணீர்ப் போத்தலின் மூடியைத் திறந்து திறந்து மூடினாள்.

"எனக்குக் கால் நோகேல்லப் பிள்ளை" என்றாள் கமலேஸ்வரி. "நோகாத காலை நோகுதெண்டு நான் சொல்லமாட்டன். இவ்வளவு நாளும் ஆள் இல்லாத இடத்தில போய் நிண்டனான். இண்டைக்கு ஆள் நிக்கிற இடத்தை வெறுமனே விட்டுட்டு வரச் சொல்லுறியோ? நான் உள்ளுக்கதான் நிப்பன்."

சாருஜா தரையைப் பார்த்தாள்.

பவித்திரனின் யோசனை மட்டும் வேறெங்கோ போயிருந்தது. "அக்கா, மூணடின்னீங்களே. அது எதுல?"

"நெட்போலில. பந்து வைச்சிருக்கிற ஆளிட்ட இருந்து மூண்டடி தள்ளித்தான் நிக்கவேணும். கிட்டப் போனால் விசில் அடிப்பினம். எனக்கு யோசிக்க முந்திக் கால் தானாப் போகுது தம்பி, நான் என்ன செய்ய?"

"நீங்க நெட்போல் ஆடிருக்கீங்களா?"

"ஊரில பள்ளிக்கூடத்தில பெட்டையள் எல்லாரும் விளையாடுறதுதானே."

"அக்கா! இத ஏன் சொல்லல?"

"நீங்கள் கேக்கேல்லயே."

மேசைக்காரர் நேரம் முடிகிறதென்று மணியடித்தார். பவித்திரன் இரண்டு கையாலும் அவளுடைய தோளைப் பிடித்தான், பிறகு மரியாதையாக எடுத்துக்கொண்டான். "எந்த எடத்துல ஆடுனீங்க?"

"கோல் ஷூட்டர். வளையத்துக்க எறியிற ஆள்."

அவன் முகம் ஐக்கியாவையும் மனைவியையும் மறந்துபோன முகமாயிற்று. "சாரு, நீ ஹானாவைப் பிடி. அக்கா, நீங்க ரிங்குக்கு அந்தப் பக்கம், அந்தக் கோட்டுக்கிட்ட நில்லுங்க. ஒங்கள எவளும் மறிக்க மாட்டா. பந்து வந்தா ஓடாதீங்க, தட்டாதீங்க. அங்க எப்படி எறிவீங்களோ அப்படி எறிங்க லா."

அவன் சொன்னது சரி. நோர்த்ஹில் அவளை மரம்போல் விட்டுவிட்டது. அவளைச் சுற்றி மூன்றடி என்ன, ஆறடிக்கு ஒருவரும் இல்லை. சாருஜாவை இரண்டு பேர் நெருக்க, அவள் வேறு வழியில்லாமல் பந்தை இங்கே எறிந்தாள்.

கமலேஸ்வரி காலை ஊன்றினாள். தலைக்கு மேலே பந்தைத் தூக்கி எறிந்தாள். அது வளையத்தைத் தொடாமலே கீழே விழுந்தது.

மறுபடி சிரிப்பு. "சொறி பிள்ளையள், இது பாரமா இருக்கு" என்று அவள் பொதுவாகச் சொன்னாள். நெட்போல் பந்து இதைவிடச் சிறிசு, லேசு. பின்னால் ஓடும்போது அண்ணாந்து வளையத்தைப் பார்த்தாள். உயரம் அதே உயரம்தான். ஆனால் ஓட்டை? அங்கே இருந்ததைவிடப் பெரிசு! இவ்வளவு பெரிய ஓட்டைக்குப் பின்னால் பலகையும் வேறு வைத்திருக்கிறார்கள். இதையா இந்தப் பிள்ளைகள் இவ்வளவு நாளும் தவறவிட்டார்கள்?

அடுத்த முறை பந்து வந்தபோது முழங்காலை இன்னும் கொஞ்சம் மடித்தாள். பந்து பலகைப் பக்கமே போகாமல், நேரே மேலே ஏறி, நேரே உள்ளே இறங்கியது. வலை மட்டும் ஒருதரம் பொத்தென்றது.

மண்டபத்தில் யாரும் சிரிக்கவில்லை. "ஓமைகோட் அன்ரி!" என்றது ஒரு குரல்.

அதற்குப் பிறகு நோர்த்ஹில் ஒன்று போட்டது, சாருஜா ஒன்று போட்டாள். பிறகு மறுபடி கமலேஸ்வரிக்குப் பந்து வந்தது. ஊன்றினாள், தூக்கினாள், எறிந்தாள். விழுந்தது. புள்ளி சமன்.

நோர்த்ஹில் கோச் ஒரு மெலிந்த அம்மா. அவளுடைய குரல் மட்டும் மெலிவில்லை. "ஹானா! கவர் தட் லேடி! தட் லேடி!" அவள் விரல் நீட்டிய இடத்தில் கமலேஸ்வரி திரும்பிப் பின்னால் பார்த்தாள், யாரைச் சொல்கிறாள் என்று. பின்னால் சுவர்தான் இருந்தது.

ஹானா வந்து ஒட்டிக்கொண்டு நின்றாள். முழங்கை முழங்கையில் பட்டது, அவளுடைய மூச்சுச் சத்தம் காதில் கேட்டது. கமலேஸ்வரி வலப்பக்கம் நகர்ந்தால் அவளும் நகர்ந்தாள். இடப்பக்கம் வந்தால் அவளும் வந்தாள். இவ்வளவு பேர் உள்ள இடத்தில் ஒருத்தி தன்னை மட்டும் பார்த்துக்கொண்டு, இவள் எங்கே போய்விடுவாளோ என்று பயந்துகொண்டு நிற்பது கமலேஸ்வரிக்குப் புதுசாக இருந்தது.

"ஆர் யூ டயர்ட், ஹானா?" என்று கேட்டாள்.

"வட்?" என்றாள் ஹானா.

"யூ ஆர் பிரீதிங் வெரி ஃபாஸ்ட். வை?"

ஹானா பதில் சொல்லலாமா என்று யோசித்த அந்த இடைவெளியில், அதுவரை தன்னை மறித்து நின்ற ஹானா போய்விட்டதைக் கண்ட சாருஜா நடுவால் புகுந்தாள். புதிதாக மறிக்க வந்தவளுக்கு அந்த வேகம் காணாது. இரண்டு தட்டு, ஒரு எட்டு, பந்து உள்ளே. நோர்த்ஹில் கடைசியாக எறிந்தது வளையத்தின் விளிம்பில் ஒருதரம் சுற்றி, யோசித்து, வெளியே வந்தது.

மணி அடித்தது. எட்டாம் இடம் முதலாம் இடத்தை வென்றுவிட்டது. டெமி பெஞ்சிலிருந்து ஓடிவந்து கமலேஸ்வரியைத் தூக்கினாள். "இறக்கு பிள்ளை, இறக்கு, நான் பாரம்!" என்று அவள் மேலே இருந்து கத்தினாள்.

சாருஜா கொஞ்சம் தள்ளி நின்றாள். கூட்டம் கலைந்ததும் வந்து, அவளுடைய பையை எடுத்துத் தன் தோளில் போட்டுக்கொண்டாள். "அன்ரி, அந்தக் கால் கதை…"

"ரூல் இருக்கெண்டு சொன்னியே, உண்மையாவே நாலு பேரோட விளையாடலாமோ? மூண்டு பேரெண்டால்?"

சாருஜா சிரிக்கவா அழவா என்று தெரியாமல் அவளைக் கட்டிப்பிடித்தாள்.

பிறகுதான் எல்லோருக்கும் ஞாயிற்றுக்கிழமை ஞாபகம் வந்தது. டெமி ஷிப்ட்டை யாருக்காவது தள்ளிவிட வரிசையாகப் போன் அடித்தாள். சாருஜா மச்சாளுக்குப் பொய் சொல்லலாமா, உண்மை சொல்லலாமா என்று விசாரித்தாள். பவித்திரன் ஒரு மூலையில் நின்று, "இல்ல டியர், நாங்க ஜெயிச்சுட்டோம்… ஆமா… ஜெயிச்சுட்டோம்னு சொல்றேன்ல… நெசமா லா!" என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தான்.

வான் வந்தது. கணேசலிங்கம் ரேடியோவைக் குறைக்காமலே கேட்டார். "தோத்தாச்சோ?"

"இல்லையப்பா."

"அப்ப இன்னும் முடியேல்லையோ?"

"முடிஞ்சுது."

முடிந்தும் தோற்காதது எப்படி என்று அவர் கணக்குப் பார்த்துக்கொண்டிருக்கும்போது பவித்திரன் ஓடிவந்து கண்ணாடியைத் தட்டினான். "அக்கா, நாளைக்கு ஒரு மணி நேரம் முன்னாடி வர முடியுமா?"

"ஏன், நாளைக்கும் ஆள் குறைவோ?" என்றார் கணேசலிங்கம்.

"ஆள் இருக்கு சார், டெமியும் வர்றா. இன்னைய ஃபவுல் நாளைக்குக் கணக்கு இல்ல. அஞ்சு பேரும் முழுசா இருக்காங்க." பவித்திரன் மூச்சு வாங்கினான். "ஆனா அக்கா ஆடணும். மறிக்கும்போது ஒட்டி நிக்கிறது எப்படின்னு நான் சொல்லிக் குடுக்கணும். சீசன் முழுக்க ஒண்ணுமே சொல்லிக் குடுக்கல லா நான்."

கணேசலிங்கம் ரேடியோவை நிறுத்தினார். மனைவியைத் திரும்பிப் பார்த்தார். நீல ஜெர்சி வியர்வையில் ஒட்டியிருந்தது. அவர் ஏதோ கேட்க வாயெடுத்தார். அவருக்கு அறிய வேண்டிக் கேள்வி கேட்டுப் பழக்கமில்லை, தொடக்கம் வரவில்லை.

கமலேஸ்வரி அதற்குள் கண்ணாடியை முழுக்க இறக்கி, தலையை வெளியே நீட்டிவிட்டாள். "தம்பி, நாளைக்கு ஆரோட? அவையளில எறியிறது ஆர்? ஒட்டி நிக்கேக்க கையை எங்க வைக்கிறது, மேல தூக்கிறதோ, பக்கத்திலயோ? அவள் தள்ளினால் நானும் தள்ளலாமோ? எவ்வளவு தள்ளலாம்?"

பின்னால் நின்ற கார் ஹோர்ன் அடித்தது. கணேசலிங்கம் கையை வெளியே விட்டு, கொஞ்சம் பொறு என்று காட்டினார்.